நவாப் சாலார் ஜங்கும் கண்ணாடிக் கிண்ணங்களும்

ஆண்டுவிழா மலர் ஒன்றில் பெரியோர் ஒருவருடைய வரலாற்றைக் கூறும் கட்டுரை இடம்பெறுதல் மரபு. கம்பரைப் பற்றியும் பாரதியாரைப் பற்றியும் கப்பலோட்டிய தமிழரைப் பற்றியும் நம்மினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். ஆகவே இவ்வாண்டு தமிழரல்லாத ஒருவரை, ஆயினும் நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறியுள்ள இந்தப் புனே நகரிலேயே பிறந்த ஒருவரை, அன்பர்களின் முன் நிறுத்த விழைகின்றோம். மூன்றாம் சாலார் ஜங் எனப் புகழ்பெற்ற ஐதராபாத் நவாப் மீர் யூசுப் அலி கான் அவர்களே அவர்.

இவரை நாம் நாடிச் சென்றதற்குக் காரணம் நூலறிவன்று, ஓர் ஏமாற்றமே. கோந்த்வாவில் குடிபுகுந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று பழம்பொருட் சந்தை ஒன்றுக்குக் குடும்ப சகிதம் சென்றிருந்தோம். வாங்கச் சென்ற பொருள் ஒரு துருவுமணை. வாங்கி வந்தவையோ இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். மேலே விரிந்த கிண்ணம், நடுவில் மெல்லிய தண்டு, கீழே வட்டமான பாதம். சினிமாவில் சீமான்கள் கையில் ஏந்தி வரும் ஒயின் கிளாஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஐதராபாத் நவாப் ஒருவரின் மாளிகையிலிருந்து வந்தவை, பெல்ஜியத்தில் செய்தவை, 150 ஆண்டுப் பழமையுடையவை என்று விற்றவர் அடுக்கிய பெருமைகளில் மயங்கி 1,200 ரூபாயைக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நமக்கு நிகழ்ந்த அர்ச்சனையை இங்கு விரிப்பதற்கில்லை. அந்த நவாப் யாராக இருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கியபோது நாம் வாங்கிய கிண்ணங்களின் குலமும் தெரிந்தது. சாலார் ஜங்கின் வாழ்க்கையும் தெரிந்தது. முன்னது வருத்தத்தையும் பின்னது வியப்பையும் அளித்தன.

சாலார் ஜங் என்பது இயற்பெயரன்று; நிஜாம் மன்னர் வழங்கும் பட்டம். அப்பட்டத்தை நாடறியச் செய்தவர் நம் கதாநாயகரின் பாட்டனாராகிய முதலாம் சாலார் ஜங், மீர் துராப் அலி கான். 1853ஆம் ஆண்டில் தமது 24ஆம் வயதில் ஐதராபாத் சமஸ்தானத்தின் திவான் பதவியை ஏற்று, 1883இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அதனை வகித்தவர். கடனில் மூழ்கிக் கிடந்த சமஸ்தானத்தின் வரவு செலவை ஒழுங்கு செய்தவர் அவர். அவர் காலத்தில்தான் வாடி சந்திப்பிலிருந்து ஐதராபாத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டு, 1874இல் வண்டி ஓடத் தொடங்கியது. ரயில்வே உப்பைத் தின்பவராகிய நமக்கு இதுவே அவரிடம் முதல் மதிப்பை உண்டாக்கியது. இன்றும் புனேயிலிருந்து ஐதராபாத் செல்லும் ஹுசைன்சாகர் எக்ஸ்பிரஸ் சோலாப்பூரைக் கடந்து, வாடியில் திரும்பி, அந்தப் பழைய தடத்தின் வழியாகவே செல்கின்றது. 1876இல் அவர் ஐரோப்பா சென்றபோது ரோமாபுரியில் பென்சோனி என்னும் சிற்பி செதுக்கிய முக்காடிட்ட ரெபெக்காவின் சலவைக்கல் சிலையை வாங்கி வந்தார். கல்லால் ஆன முக்காட்டினூடே கல்லால் ஆன முகம் தெரியும் விந்தை அது. பேரனுக்குப் பொருள் சேர்க்கும் ஆசை பிறவியிலேயே வந்தது என்று சொல்லத் தடையில்லை.

பாட்டனாருக்குப்பின் அவர் மகன் மீர் லாயிக் அலி கான், இரண்டாம் சாலார் ஜங் என்னும் பட்டத்தோடு 1884 முதல் 1887 வரை திவானாக இருந்தார். பதவியை விட்ட இரண்டாம் ஆண்டில், 1889 ஜூன் 13ஆம் நாள், அந்நாளில் பூனா என வழங்கிய இந்நகரில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் நிரம்புமுன் தந்தை இறந்தார். முப்பது வயதுகூட ஆகாத தந்தை. முகம் அறியாத மகன். பெருஞ்செல்வத்துக்கும் பெரும் பெயருக்கும் ஒரே வாரிசாகிய அக்குழந்தையை ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் தம் அரசின் பாதுகாப்பில் வளர்க்கச் செய்தார். குடும்பப் பட்டமும் ஜாகீரும் உரிய காலத்தில் அவரை வந்தடைந்தன.

1911இல் ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் அரியணை ஏறினார். மறு ஆண்டே, 1912இல், இளைஞராகிய யூசுப் அலி கானைத் திவானாக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 23. பாட்டனார் அமர்ந்த ஆசனத்தில் அவரினும் ஓர் ஆண்டு இளையவராக அமர்ந்தார் எனலாம். ஆனால் பாட்டனார் முப்பது ஆண்டுகள் அமர்ந்த ஆசனத்தைப் பேரனார் இரண்டரை ஆண்டுகளுக்குள், 1914 நவம்பரில், துறந்துவிட்டார். அதன்பின் நிஜாம் சில ஆண்டுகள் திவான் இன்றித் தாமே நேரில் ஆண்டார். பதவி இழந்த பிரபுக்கள் பலர் மீண்டும் அதனைப் பெறுதற்கு அரண்மனை வாயிலில் காத்துக் கிடந்ததை வரலாற்றில் காண்கின்றோம். இவரோ 25 வயதில் பெற்ற ஓய்வை முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரே வேலைக்குச் செலவிட்டார். அவ்வேலை பொருள் சேகரித்தல். அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

ஐதராபாத்தில் திவான் தேவடி என்னும் பரம்பரை மாளிகை அவர் இருப்பிடம். எந்நாட்டு வியாபாரியும் மூட்டையோடு அங்கே நுழையலாம் என்னும் செய்தி பரவியதால் அம்மாளிகைக்கு விற்பவர் வரவு ஓயவில்லை. அயல்நாடுகளில் இருந்த முகவர்கள் பழம்பொருள் வணிகர்களின் விலைப்பட்டியல்களை அனுப்பிக்கொண்டே இருந்தனர். அவரும் ஐரோப்பா, மேற்காசியா முதலிய இடங்களுக்குச் சென்று வாங்கினார். அரபு, பாரசீகச் சுவடிகள், மொகலாய ஓவியங்கள், சீனப் பீங்கான்கள், ஜேட் கல்லில் கடைந்த வாட்பிடிகள், தந்த வேலைப்பாடுகள், கடிகாரங்கள், கைத்தடிகள், குழந்தைகளின் பொம்மைகள் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. இன்று காட்சிசாலையில் உள்ள கலைப்பொருள்கள் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். நூல்களும் சுவடிகளும் தனி.

அவற்றிடையே வெனிஸ், பொஹீமியா, இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கண்ணாடிப் பொருள்களும் பெருந்தொகையாக உள்ளன. நமது விசாரணைக்கு உரிய பகுதி இதுவே. ஆகலின் கண்ணாடியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற அன்பர்கள் இடம் தர வேண்டும். நம் வீடுகளில் டம்ளரை வாயில் படாமல் தூக்கிக் குடிப்பதே வழக்கமாதலால் தண்டும் பாதமும் உள்ள கிண்ணம் நமக்குப் புதுமை; அதன் நல்லது கெட்டது அறிய நமக்கு வாய்ப்பில்லை.

கண்ணாடி என்பது மணலை உருக்கி ஆக்குவது. மணல் தனியே எளிதில் உருகாது. அதனை உருக்குதற்குச் சேர்க்கும் பொருளைக் கொண்டே நாட்டுக்கு நாடு கண்ணாடியின் இயல்பு மாறுகின்றது. வெனிஸ் நகரத்தார் கடற்கரைச் செடிகளின் சாம்பலாகிய சோடாவைச் சேர்த்தனர். 15ஆம் நூற்றாண்டில் முரானோ தீவில் அவர்கள் ஆக்கிய தெள்ளிய கண்ணாடி மிக இலேசானது, மெழுகுபோல் இழுபடுவது. ஆகவே அவர்தம் கிண்ணத் தண்டுகளில் பாம்பும் பூவும் சிறகும் நெளிந்து நிற்கும். பொஹீமியர் காட்டு மரச் சாம்பலாகிய பொட்டாஷைச் சேர்த்தனர். அது கடினமானது, சக்கரத்தில் வைத்துச் செதுக்குதற்கு ஏற்றது. ஆகவே அவர்தம் கிண்ணங்களில் மானும் வேட்டையும் கோட்டையும் செதுக்கப்பட்டிருக்கும்; சிவப்பு மேற்பூச்சை வெட்டி உள்ளே வெண்மை தெரியச் செய்திருப்பர். ஆங்கிலேயர் முறை வேறு. ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்னும் இலண்டன் வணிகர் 1674இல் அரசரிடம் உரிமை பெற்று, பின்னர் ஈய ஆக்சைடைச் சேர்த்துக் கனமும் ஒளியும் மிக்க கண்ணாடியை ஆக்கினார். முதலில் ஆக்கியவை சில காலத்தில் உள்ளுக்குள்ளேயே நுண்ணிய வெடிப்புகள் பரவி மங்கிப் போயின. கலவையைத் திருத்தியபின், 1676 முதல், குற்றமற்றது என்பதற்கு அடையாளமாகக் காக்கையினத்துப் பறவை ஒன்றின் தலையை முத்திரையாகப் பதித்தார். கண்ணாடிக்கு நற்சான்று முத்திரை இடவேண்டிய தேவை அன்றே ஏற்பட்டுவிட்டது என்பதைக் காண்க.

ஒரு கிண்ணம் பழையதா, புதியதா என்று ஆராய்பவர் முதலில் அதனைத் தலைகீழாகத் திருப்புவர். கையால் ஊதிச் செய்யும்போது, வாயை ஒழுங்கு செய்வதற்காகப் பாதத்தின் அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்து கோலை உடைத்து எடுத்த இடத்தில் கொப்பூழ்போல ஒரு தழும்பு நிற்கும். பிற்காலத்தார் அதனைத் தேய்த்து மழுப்பினர். அப்போது வழுவழுப்பான சிறு குழி தெரியும். அச்சில் அழுத்திச் செய்த கிண்ணத்தில் தழும்பு இராது. அதற்குப் பதிலாகத் தண்டின் இரு புறமும் அச்சு இணைந்த கோடு மேலிருந்து கீழாக ஓடும். நகத்தால் வருடினால் தட்டும். நம்முடைய 1,200 ரூபாய்க் கிண்ணங்களில் இந்தக் கோடு ரயில் தண்டவாளம்போல் இரண்டு பக்கமும் தெளிவாக ஓடியது. வாங்கும்போது அது நம் கண்ணில் படவில்லை. விற்றவர் விரல் அதன்மேலேயே இருந்தது என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் தழும்பு உள்ளவையெல்லாம் பழையவை அல்ல. இன்றும் கையால் ஊதுவோர் உளர். அவர்கள் செய்வதிலும் தழும்பு உண்டு. எனவே அடுத்தபடி பாதத்தின் விளிம்பைப் பார்ப்பர். நூறு இருநூறு ஆண்டுகள் மேசையில் வைத்து எடுத்த பாதத்தில் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த போலியில் கீறல்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிண்ணமாயின் பாதத்தின் அகலம் பெரும்பாலும் வாயின் அகலத்துக்குக் குறையாது. தட்டினால் ஈயக் கண்ணாடி வெண்கல மணிபோல் நெடுநேரம் ஒலிக்கும், தூக்கினால் கனக்கும். 1745இல் இங்கிலாந்து அரசு கண்ணாடிக்கு எடைப்படி வரி விதித்தது. அதன்பின் கனத்த தண்டுகள் குறைந்து, உள்ளே வெள்ளை நூல் முறுக்கியதுபோன்ற மெல்லிய தண்டுகள் பெருகின. வரி விதிப்பவர் அறியாமலே கலைஞரின் கையைத் திருப்பிவிடுகின்றார் என்பதற்கு இது நல்ல உதாரணம். அடியில் பொறித்த பெயரை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். பிரான்ஸ் நாட்டுப் பக்கரா தொழிற்சாலை அமிலத்தால் தன் பெயரைப் பொருள்தோறும் பொறிக்கத் தொடங்கியது 1936இல்தான்; அதற்கு முந்திய நல்ல பொருள்கள் பலவற்றில் பெயரே இராது. பெயர் பொறித்தலோ எவர்க்கும் எளிது.

இவ்வளவும் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு உரிய வழிகள். நாமோ ஐதராபாத்தில் காட்சிப் பெட்டிக்கு வெளியே கைகட்டி நின்றவர்கள். எனினும் ஒன்று புரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முரானோத் தீவார் தம் முன்னோரின் பழைய வடிவங்களை மீண்டும் செய்து உலகெங்கும் விற்றனர். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு தொழிற்சாலை 1783 முதல் 1851 வரை நடந்தது. அதன் வெட்டு வேலையைப் பின்பற்றிப் பிறர் செய்தவை எண்ணிறந்தன. பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனியார் கல்கத்தாவிலேயே கடை வைத்து நம் ராஜாக்களுக்கென்று சரவிளக்கும் கண்ணாடி மேசை நாற்காலியும் விற்றனர். ஆகவே சாலார் ஜங் வாங்கிய காலத்தில் மூலமும் பிரதியும் புதிதும் பழையதும் ஒரே பெட்டியில் கலந்து வந்தன. அவற்றுள் ஒவ்வொன்றையும் நிறுத்துச் சோதிக்கும் கண்டிப்பு அவரிடம் இருந்ததாகத் தோன்றவில்லை. அவருடைய காட்சிசாலையில் உள்ள ஐரோப்பியச் சலவைக்கல் சிலைகளில் பெரும்பாலானவை புகழ்பெற்ற சிலைகளின் பிரதிகளே. பாட்டனார் வாங்கிய ரெபெக்கா பென்சோனியின் கைவேலைதான்; எனினும் அவரே அதே சிலையை வேறு சிலர்க்கும் செய்து தந்திருக்கின்றார்.

இதனால் அவரைக் குறைவாக மதிப்போரும் உண்டு. நம் எண்ணம் வேறு. ஆராய்ந்து ஒரு நூறு மட்டும் வாங்கும் அறிஞர் ஒரு வகை. கண்டு மகிழ்ந்ததையெல்லாம் வாரிக்கொள்ளும் இரசிகர் மற்றொரு வகை. அறிஞரின் நூறு பெரும்பாலும் மீண்டும் ஏலத்துக்கே போகின்றது. இரசிகரின் நாற்பதாயிரத்தில் மூலமும் பிரதியும் அருகருகே நிற்பதால்தான் நம்போன்றோர் வேற்றுமை அறியக் கற்கின்றோம். பணம் கொடுத்து ஏமாந்தவன் சொல்லும் சமாதானம் என்று வாசகர் நகைக்கக்கூடும், நகைத்துக்கொள்ளட்டும்.

சுதேசிக் கண்ணாடியும் நம் அருகில் உண்டு. லோனாவளா லோக்கல் நிற்கும் தளேகாவில், திலகர் பெருமானின் ஆதரவோடு, மக்கள் ஆளுக்கொரு பைசா கொடுத்துச் சேர்த்த பைசா நிதியால் சுதேசி நாட்களில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. சாலார் ஜங் ஐரோப்பியக் கிண்ணங்களை வாங்கிய அதே காலம் அது. அவ்வரலாறு தனியே எழுதத் தக்கது.

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பழைய நவாபுகளின் உலகம் ஒரு வாரத்தில் முடிவுற்றது. ஆறு மாதம் கழியுமுன், 1949 மார்ச் 2ஆம் நாள், சாலார் ஜங் காலமானார். வயது 59. மனைவி இல்லை, மக்கள் இல்லை. மாளிகையின் அறைதோறும் பெட்டி பெட்டியாகப் பொருள்கள். உறவுமுறை கூறி உரிமை கோரியோர் பலர். ஒரு கையெழுத்தில் அத்தனையும் ஏலக்காரரின் சுத்தியலுக்குப் போயிருக்கும். வேறு சமஸ்தானங்களில் அவ்வாறு போனவை கொஞ்சமல்ல.

அவ்வாறு நேராமற் காத்தவர்களில் இருவர் நம் சென்னையோடு தொடர்புடையவர்கள். ஒருவர் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்து, ஐதராபாத்தின் நிர்வாகத்தை ஏற்ற எம். கே. வெல்லோடி. பொருள்களைப் பிரிக்காமல் காட்சிசாலை ஆக்கவேண்டும் என்று முனைந்தவர் அவர். மற்றவர் டாக்டர் ஜேம்ஸ் கசின்ஸ். ஐரிஷ்காரர்; கவிஞர்; அடையாற்றுப் பிரம்மஞான சபையோடு இணைந்து இந்நாட்டிலேயே வாழ்ந்தவர்; 1935இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திராலயத்தை அமைத்தவர். முதுமையில் அவர் திவான் தேவடிக்கு வந்து, மலைபோற் குவிந்து கிடந்த பொருள்களை வகைப்படுத்தி அறை அறையாக அடுக்கினார். 1951 டிசம்பர் 16ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்துவைத்தார். அப்போதும் வழக்கு ஓயவில்லை. 1958இல் உயர்நீதிமன்றத்தில் வாரிசுகள் உடன்பட்டுச் சமரசம் செய்துகொண்டபின்தான் பொருள்கள் முழுமையாக அரசினரைச் சேர்ந்தன. 1961இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்று அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968இல் மூசி ஆற்றின் தென்கரையில் எழுந்த புதுக் கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்தார். இன்று காண்பது அதுவே.

நம் புனேயிலும் தினகர் கேல்கர் என்பார் வாழ்நாளெல்லாம் விளக்கும் பாக்குவெட்டியும் கதவும் சேர்த்து, ஏழு வயதில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரால் காட்சிசாலை அமைத்து, 1975இல் மகாராஷ்டிர அரசுக்கு வழங்கினார். அவர் இருக்கும்போதே கொடுத்தார். சாலார் ஜங்குக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. அவர் பெயரால் பிறர் கொடுத்தனர்.

நாம் சென்ற அன்று நண்பகல் நெருங்கியது. காட்சிசாலையின் இசைக் கடிகாரத்தின் முன் நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தனர். மணி அடிக்கும்போது சிறிய மனித உருவம் ஒன்று வெளிவந்து மணியை அடித்துச் செல்லும் விந்தையைக் காணக் குழந்தைகள் தோளேறி நின்றனர். அவ்வேளையில் கண்ணாடிக் கூடத்தில் காவலரைத் தவிர ஒருவரும் இல்லை. ஒளி படும் இடத்தில் நின்று தண்டுகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு ஓடுகிறதா என்று கண் தானே தேடியது. எதையோ தொலைத்தவர் என்று எண்ணினார் போலும். காவலர் அருகில் வந்து என்ன வேண்டும் என்று பரிவோடு வினவினார்.

வீட்டிலுள்ள இரண்டு கிண்ணங்களில் ஒன்று சென்ற தீபாவளிக்கு உடைந்தது. எஞ்சிய ஒன்றில் இப்போது கொத்தமல்லித் தழை தண்ணீரில் நிற்கின்றது. ஐதராபாத் செல்ல விரும்பும் அன்பர்கள் இரவு வண்டியில் ஏறினால் காலையில் இறங்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் தவிர்க்க. அன்று காட்சிசாலைக்கு விடுமுறை.